லூபின் விளைச்சல் ஏன் ஆண்டுக்கு ஆண்டு ஆடுகிறது?

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜெரால்ட்டன் நகரத்தைச் சுற்றி விரிந்து கிடக்கும் மணல்வெளியில் லூபின் பயிரிடுபவர்களுக்கு ஒரு பழைய கவலை உண்டு. அதே வயல், அதே ரகம், அதே கருவி. மழை கூடிவந்த ஆண்டில் ஹெக்டேருக்கு 2 டன்னுக்கு மேல் விதை கிடைக்கும். மழை சீக்கிரம் நின்றுபோன ஆண்டில் அரை டன் தேறுவதே பெரும்பாடு. பக்கத்து வயல் கோதுமையும் அதே வறட்சியில் அடி வாங்கும்தான். இருந்தாலும் லூபினை 'நம்ப முடியாத பயிர்' என்று சொல்லும் வழக்கம் அங்கே வலுவாக உண்டு. அந்தப் பெயர் எவ்வளவு நியாயமானது, அதில் வானிலையின் பங்கு எவ்வளவு, ரகத்தின் பங்கு எவ்வளவு என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

லூபின் நம் ஊர் வயல்களில் இல்லாத பயிர். உளுந்து, துவரை, கொண்டைக்கடலை சேர்ந்த அதே பயறு வகைக் குடும்பம். வேர்முடிச்சு பாக்டீரியாவின் துணையோடு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். பயிராக வளர்க்கப்படும் முக்கிய இனங்கள் நான்கு: குறுகிய இலை லூபின் (நீல லூபின் என்றும் சொல்வார்கள்), வெள்ளை லூபின், மஞ்சள் லூபின், ஆண்டிஸ் மலைப்பகுதியின் தார்வி. குறுகிய இலை லூபின் விதையில் புரதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மஞ்சள் லூபினிலும் தார்வியிலும் அதைவிட அதிகம். ஆஸ்திரேலியாவில் விளைவதில் மிகப் பெரும்பகுதி குறுகிய இலை லூபின்தான். ஆடு மாடுகளுக்கும் பன்றிக்கும் வளர்ப்பு மீனுக்கும் தீவனமாகப் போகிறது, சிறு பங்கு மனித உணவாகிறது. உலக உற்பத்தியில் நெடுங்காலம் மேற்கு ஆஸ்திரேலியாவே முதலிடத்தில் இருந்திருக்கிறது. ஐரோப்பாவில் போலந்தும் ஜெர்மனியும் முக்கியமான நாடுகள்.

விளைச்சல் ஏன் ஆடுகிறது என்பதற்கான விடை அந்தச் செடி காய்க்கும் முறையிலேயே பாதி இருக்கிறது.

லூபின் செடியின் நடுத்தண்டு நேராக மேலே போய், உச்சியில் ஒரு பூங்கொத்தோடு முடிகிறது. அந்தக் கொத்துக்குச் சற்றுக் கீழே உள்ள இலைக்கணுக்களிலிருந்து கிளைகள் எழும்பி நடுத்தண்டையும் தாண்டி வளரும். ஒவ்வொரு கிளையும் தன் உச்சியில் ஒரு கொத்தோடு முடியும். அதன் கீழிருந்து இன்னொரு சுற்றுக் கிளைகள் கிளம்பும். ஈரமும் மிதமான வெயிலும் இருக்கும்வரை இது தொடர்ந்துகொண்டே போகும். நடுத்தண்டுக் கொத்து முதலில் பூக்கும், முதல் சுற்றுக் கிளைகள் அதன் பின்னால், இரண்டாம் சுற்று அதற்கும் பின்னால். ஆக ஒரே செடியில் அடுத்தடுத்துப் பல விளைச்சல் வாய்ப்புகள் வரிசையில் நிற்கின்றன. எத்தனை வாய்ப்பு கைகூடும் என்பது மழை எப்போது நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் சிக்கல். நடுத்தண்டில் பூக்கள் காயாக மாறும் அதே நாட்களில் கிளைகளும் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும். இலை செய்யும் உணவுக்கு இரண்டு பக்கமும் போட்டி. பூத்ததில் பெரும்பாலானவை காயாகாமல் உதிர்ந்துவிடும். இது நோய் அல்ல, லூபினின் இயல்பு. ஆனால் அந்த உதிர்வின் அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. விதையின் எடையோ, காய்க்கு எத்தனை விதை என்பதோ அவ்வளவாக மாறுவதில்லை. ஒரு சதுர மீட்டரில் எத்தனை காய் நின்றது என்பதுதான் கடுமையாக மாறும். விளைச்சல் புள்ளிவிவரங்களில் தெரியும் ஆட்டத்தின் பெரும்பகுதி அந்த எண்ணிக்கையில் தொடங்குவதுதான்.

காய்த்தோடு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பலர் கவனிக்காத விஷயம். லூபின் காயின் தோடு தடிமனானது. முற்றிய காயின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தோடே போய்விடுகிறது. அதுவும் தோடு முதலில் வளர்கிறது, அதன் பிறகுதான் உள்ளே விதை நிரம்பத் தொடங்குகிறது. நடுவே ஈரம் தீர்ந்துவிட்டால் செடி தோட்டுக்கான செலவை முழுக்கச் செய்து முடித்திருக்கும், விதையோ பாதியில் சுருங்கிப் போயிருக்கும். செடியின் மொத்த எடையில் விதையின் பங்கு லூபினில் கோதுமையைவிடக் குறைவாகவும் நிலையில்லாமலும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி வானிலை. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை மத்திய தரைக்கடல் பகுதியைப் போன்றது: குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. அங்கே ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் விதைத்து, ஆகஸ்ட், செப்டம்பரில் பூத்து, அக்டோபர், நவம்பரில் அறுப்பார்கள். முழுக்க மானாவாரி. பூக்கும் நேரத்தில் மழை குறையத் தொடங்கும், வெயில் ஏறத் தொடங்கும். காய் நிரம்பும் வாரங்கள் எப்போதும் வறட்சிக்குள்தான் போய் விழும். அந்த வறட்சி இரண்டு வாரம் முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்பதே கேள்வி.

தண்ணீர்ப் பற்றாக்குறையை லூபின் எதிர்கொள்ளும் விதமும் தனி. மண் காயத் தொடங்கியதும் இலைத்துளைகளை அது சீக்கிரமே மூடிக்கொள்கிறது. கொண்டைக்கடலை போன்ற பயிர்கள் திசுக்களில் உப்பும் சர்க்கரையும் சேர்த்துக்கொண்டு காய்ந்த மண்ணிலிருந்தும் கொஞ்சம் நீரை இழுத்துக்கொண்டு சமாளிக்கும். குறுகிய இலை லூபினில் அந்தத் திறன் மிகக் குறைவு. அதன் பலம் ஆணிவேர். ஆழமான மணலில் 2 மீட்டருக்கும் கீழே போகும். குளிர்காலத்தில் கீழே இறங்கிய ஈரத்தை வேர் எட்டிப் பிடித்தால் பிழைக்கும். எட்டவில்லை என்றாலோ, கீழே ஈரமே இறங்கவில்லை என்றாலோ, இலைத்துளைகள் மூடி, ஒளிச்சேர்க்கை நின்று, கிளைகளில் நிற்கும் இளங்காய்கள் உதிரும். நடுத்தண்டுக் காய்களுக்கு இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்திருந்த சத்து போய்ச் சேரும், அவ்வளவுதான். வறண்ட ஆண்டில் அறுவடையின் பெரும்பகுதி நடுத்தண்டிலிருந்து வருவதும், நல்ல ஆண்டில் கிளைகள் மூட்டை மூட்டையாகச் சேர்ப்பதும் இதனால்தான்.

வெயில் தனியாகவும் அடிக்கும். மண்ணில் ஈரம் இருந்தாலும் பூக்கும் நாட்களில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிப் போனால் பூவும் பிஞ்சும் உதிர்வது கூடுகிறது. வடக்குப் பகுதியில் செப்டம்பரில் அப்படிப்பட்ட நாட்கள் வருவது புதிதல்ல. உறைபனி இன்னொரு பக்கம். ஆனால் இதில் லூபினுக்கு ஒரு சாதகம் உண்டு: பூப்பது வாரக்கணக்கில் நீளுவதால், ஓர் இரவு உறைபனியில் கொஞ்சம் போனாலும் பின்னால் வரும் பூக்கள் ஈடுகட்டலாம். கோதுமையில் கதிர் வெளிவரும் அந்தச் சில நாட்களில் உறைபனி விழுந்தால் ஈடுகட்ட ஒன்றும் இல்லை. லூபினின் முடிவில்லாத கிளைவிடுதல் ஒரு வகையில் நிலையின்மைக்குக் காரணம், இன்னொரு வகையில் காப்பீடு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பயிர் புரியும்.

மழை அதிகமானாலும் தொல்லை. குறுகிய இலை லூபினும் வெள்ளை லூபினும் நீர் தேங்குவதைத் தாங்கா. மஞ்சள் லூபின் ஓரளவு தாங்கும். மழையும் இதமும் மிகுந்த ஆண்டில் செடி தழைத்துத் தழைத்து, கிளைகள் நடுத்தண்டுக் காய்களின் பங்கைத் தின்றுவிடும். பார்ப்பதற்கு அடர்ந்த பச்சை வயல், அறுத்தால் எதிர்பார்த்த விதை இல்லை. செடி எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு விளையும் என்ற கணக்கு லூபினில் செல்லாது. அடர்ந்த தழைக்குள் ஈரம் தங்கினால் ஸ்கிளெரோட்டினியா போன்ற பூஞ்சை நோய்களும் வரும்.

இவ்வளவும் வானிலையின் பக்கம். பல இடங்களில் பல ஆண்டுகள் நடக்கும் ரகச் சோதனைகளில் இடமும் ஆண்டும் சேர்ந்து உண்டாக்கும் வித்தியாசம், ரகங்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரிது. இதைக் கேட்டதும் 'அப்போது ரகம் எதற்கு?' என்று தோன்றலாம். வானிலையை விவசாயி தேர்ந்தெடுக்க முடியாது. ரகத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். அது மட்டுமில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் லூபின் ஒரு பயிராக நின்றதே ரகத்தால்தான். அந்தக் கதை முழுதாகச் சொல்லத் தகுந்தது.

காட்டு லூபின் விதை கசப்பு. அதிலுள்ள லுபானின் போன்ற ஆல்கலாய்டுகள் நச்சுத்தன்மை கொண்டவை. 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் ரெய்ன்ஹோல்ட் ஃபான் செங்புஷ் என்ற ஆய்வாளர் ஏராளமான செடிகளைச் சோதித்து, ஆல்கலாய்டு மிகக் குறைந்த சில செடிகளைக் கண்டெடுத்தார். 'இனிப்பு லூபின்' அங்கிருந்து தொடங்குகிறது. 1950களில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் குறுகிய இலை லூபினைக் கையில் எடுத்தார். காய்ந்ததும் வெடித்து விதையைச் சிதறடிக்கும் காய், தண்ணீர் ஏறாத கெட்டித் தோல் விதை, கசப்பு எனக் காட்டுச் செடியின் குணங்களை ஒவ்வொன்றாக நீக்கினார். 1967ல் வெளியான யூனிவைட் ரகம் இனிப்பானது, வெண்ணிறப் பூவும் விதையும் கொண்டது, காய் வெடிப்பது குறைந்தது. 1971ல் வந்த யூனிஹார்வெஸ்ட் வெடிப்பதை இன்னும் குறைத்தது. மார்கரெட் ரிவர் பகுதி ஒயின் திராட்சைக்கு உகந்தது என்று 1960களில் எழுதியவரும் இதே கிளாட்ஸ்டோன்ஸ்தான். பயிரையும் பருவநிலையையும் இணைத்து யோசிப்பது அவருக்குக் கைவந்த கலை.

காய் வெடிக்காமல் நிற்பது விளைச்சல் நிலைத்தன்மைக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறுவடை நேரத்து ஒரு வாரச் சூடான காற்றில் பாதி விதை தரையில் கிடந்தால் அந்த ஆண்டு வானிலை எப்படி இருந்து என்ன? ஆனாலும் இந்த இரண்டு ரகங்களுக்கும் ஒரு பெரிய குறை இருந்தது. தாமதமாகப் பூத்தன. குறுகிய இலை லூபினின் காட்டு வகைகள் பூக்க வேண்டுமானால் இளம்பருவத்தில் சில வாரக் குளிர் பட்டாக வேண்டும். பனி விழும் ஊர்களில் அது நல்ல பாதுகாப்பு, குளிர்காலம் முடியும்வரை செடி பூக்காமல் பொறுத்திருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் குளிர்காலம் இதமானது. தேவையான குளிர் கிடைக்கத் தாமதமாகும். செடி பூக்கும்போது மழை முடிந்திருக்கும்.

இதற்கு வழி திறந்தது ஒரு தற்செயல் மாற்றம். போரே என்ற ஸ்வீடன் ரகத்தின் செடிகளுக்கிடையே, குளிருக்காகக் காத்திராமல் சீக்கிரம் பூக்கும் மாறுதல் ஒன்று தென்பட்டது. கு என்று பெயரிடப்பட்ட அந்த மரபுக்கூற்றை உள்ளே கொண்டுவந்து 1973ல் யூனிகிராப் ரகம் வெளியானது. பூப்பது வாரக்கணக்கில் முன்னால் நகர்ந்தது. குறைந்த மழைப் பகுதிகளில் லூபின் கால் வைத்தது அதன் பிறகுதான். 1979ல் இல்லியாரி, 1986ல் டான்ஜா, 1988ல் குங்குரு, 1991ல் மெரிட் என்று அடுத்தடுத்து வந்த ரகங்கள் இந்தக் கூற்றின் மேலேயே கட்டப்பட்டன. 1990களின் இறுதியில் அந்த மாநிலத்தில் லூபின் பரப்பு 10 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது.

கு செய்தது என்ன என்று யோசித்தால் நிலைத்தன்மை என்பதன் பொருளே தெளிவாகிறது. அது வறட்சியைத் தாங்கும் வலிமையைத் தரவில்லை. செடியின் நாட்காட்டியை மாற்றியது. வறட்சி வருவதற்குள் நடுத்தண்டுக் காய்களை நிரப்பிவிட அவகாசம் கொடுத்தது. கெட்ட ஆண்டின் விளைச்சல் உயர்ந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது: சீக்கிரம் பூக்கும் செடி தழையும் வேரும் வளர்க்கக் குறைந்த நாட்களே எடுத்துக்கொள்கிறது. மழை நீளும் தெற்குக் கடலோரப் பகுதிகளில் இன்னும் கொஞ்சம் தாமதமாகப் பூத்திருந்தால் கூடுதலாக விளைந்திருக்கும். கெட்ட ஆண்டுக்குக் கீழே ஒரு தளம் கிடைத்தது. நல்ல ஆண்டின் கூரை தாழ்ந்தது. என் பார்வையில் வடக்கு மணல்வெளிக்கு அது சரியான பேரம்தான். ஆனால் ஒரே பேரத்தை எல்லா ஊருக்கும் போட்டது சரியா என்பது வேறு கேள்வி.

2004ல் வந்த மாண்டிலப் இந்தப் போக்கை இன்னும் முன்னால் கொண்டுபோனது. சீக்கிரம் பூக்கும், சீக்கிரம் முற்றும், உயரமாக நிற்பதால் அறுவடைக்கும் வசதி. பத்தாண்டுகளுக்கு மேல் பெரும்பாலான வயல்களில் அதுதான். பிறகு 2013ல் பார்லக், 2015ல் ஜூரியன் போன்ற ரகங்கள் விளைச்சலோடு நோய் எதிர்ப்பையும் சேர்த்துக்கொண்டு வந்தன.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறுகிய இலை லூபினுக்குப் பிடித்தது ஆழமான, சற்றே அமிலத்தன்மையுள்ள மணல். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலை மஞ்சளாகி நிற்கும். மணலுக்கு அடியில் இறுகிய அடுக்கு இருந்தால் ஆணிவேர் இறங்காது. அப்படிப்பட்ட வயலில் எந்த ரகமும் வறண்ட ஆண்டில் நிலைக்காது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் அலுமினியம் மிகுந்த கடும் அமில மண்ணுக்காக மஞ்சள் லூபினில் வோட்ஜில் என்ற ரகத்தை 1990களில் கொண்டுவந்தார்கள். மண்ணைத் தாங்கியது. அசுவினிப் பூச்சிக்கு மிக எளிதாகப் பலியானது. ஒரு பக்கத்து ஆட்டத்தை நிறுத்தினால் இன்னொரு பக்கம் ஆடத் தொடங்குவது பயிர் வளர்ப்பில் புதிய அனுபவம் இல்லை.

நோயைப் பொறுத்தவரை 1996 மறக்க முடியாத ஆண்டு. ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் அந்த ஆண்டு மேற்கு ஆஸ்திரேலிய வயல்களில் கண்டறியப்பட்டது. விதையோடு வரும், மழைத்துளி தெறிப்பதில் செடிக்குச் செடி பரவும், தண்டை முறுக்கி ஒடித்துவிடும். ஜெரால்ட்டன் பகுதியில் விளைந்த வெள்ளை லூபின் ரகமான கீவ் மியூட்டன்டுக்கு எதிர்ப்பே கிடையாது. வெள்ளை லூபின் சாகுபடி அங்கே அத்தோடு சரிந்தது. அந்தப் பகுதியின் சாலையோரங்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் தானாக முளைத்து நிற்கும் இன்னொரு இன நீல லூபின் நோய்க்கு நிரந்தர இருப்பிடமாக அமைந்தது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஐரோப்பாவிலும் அதே பத்தாண்டில் இதே நோய் வெள்ளை, மஞ்சள் லூபின்களைக் காலி செய்தது. ஜெர்மனி குறுகிய இலை லூபின் பக்கம் திரும்பியதற்கு இது பெரிய காரணம்.

ஆனால் 1996லேயே வோங்காவும், 1998ல் தான்ஜிலும் நல்ல எதிர்ப்போடு வெளிவந்தன. ஒரு ரகத்தை உருவாக்கப் பத்தாண்டு தேவைப்படும் இடத்தில் இரண்டு ஆண்டில் ஒன்றைப் புதிதாகச் செய்திருக்க முடியாது. நோய் வருவதற்கு முன்பே வளர்ப்புத் தொகுப்பில் எதிர்ப்பு இருந்தது, அதனால் பிழைத்தார்கள். அந்தத் தொகுப்புக்குள் கிளாட்ஸ்டோன்ஸ் காலத்திலிருந்தே மத்திய தரைக்கடல் நாடுகளின் காட்டு லூபின்கள் கலந்து வந்திருந்தன. விளைச்சல் நிலைத்தன்மையைப் பேசும்போது மழையையும் பூக்கும் நாளையும் மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். இருபது ஆண்டு அமைதியாக விளைந்த ரகம் ஒரே ஈரமான வசந்தத்தில் சுழியத்துக்கு வரக்கூடும். சராசரிப் புள்ளிவிவரத்தில் அந்த ஆபத்து அதுவரை தெரியவே தெரியாது.

புள்ளிவிவரம் என்றதும் இன்னொரு விஷயம். நிலைத்தன்மையை எப்படி அளப்பது? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஃபின்லே, வில்கின்சன் என்ற இருவர் 277 பார்லி வகைகளைப் பல ஆண்டு, பல இடங்களில் விளைவித்து 1963ல் ஒரு வழியைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஆண்டிலும் எல்லா ரகங்களும் சேர்ந்து கொடுத்த சராசரியை அந்தச் சூழலின் தரமாக எடுத்துக்கொண்டு, சூழல் மேம்பட மேம்படக் குறிப்பிட்ட ரகம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கோடு போட்டுப் பார்ப்பது. அந்தக் கோடு ஏறும் வேகம்தான் அதன் சரிவு. சரிவு 1 என்றால் சராசரியோடு ஏறி இறங்கும் ரகம். 1க்கும் மேலே என்றால் நல்ல நிலத்தில் பாயும், கெட்ட நிலத்தில் விழும். 1க்குக் கீழே என்றால் எங்கும் பெரிதாக மாறாது. இன்றுவரை ரகச் சோதனைகளில் இந்த முறையும் இதன் வாரிசுகளும் பயன்படுகின்றன. இதில் கவனிக்க வேண்டியது: எங்கும் குறைவாகவே விளையும் ரகமும் இந்தக் கணக்கில் 'நிலையானது' என்று பெயர் வாங்கிவிடும். அதனால்தான் சரிவை மட்டும் பார்க்காமல் கோட்டின் உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பயிர்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. வழக்கமாகச் செய்வது, ஏற்ற இறக்கத்தைச் சராசரியால் வகுத்துச் சதவீதமாகச் சொல்வது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். லூபினின் சராசரி 1.5 டன், ஆண்டுக்கு ஆண்டு விலகல் 0.45 டன், அது 30%. கோதுமையின் சராசரி 4 டன், விலகல் 0.8 டன்; அது 20%. சதவீதத்தில் லூபின் மோசம். டன்னில் பார்த்தால் கோதுமைதான் அதிகம் ஆடியிருக்கிறது. குறைந்த விளைச்சல் பயிர்களுக்குச் சதவீதக் கணக்கு இயல்பாகவே பாதகமானது. ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்களின் நாட்டு வாரியான புள்ளிவிவரத்தை ஆராய்ந்து 2015ல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பாவில் பயறு வகைகளின் விளைச்சல் மற்றப் பயிர்களைவிட அதிகம் மாறுகிறது என்றது. வட ஐரோப்பாவின் நீண்டகாலச் சோதனை வயல்களின் தரவை எடுத்து, இந்தச் சராசரிப் பாதகத்தைத் திருத்திக் கணக்கிட்ட 2018 ஆய்வு, பயறு வகைகள் வசந்தத்தில் விதைக்கும் மற்றப் பயிர்கள் அளவுக்கே ஆடுகின்றன என்றது. அதாவது ஐரோப்பாவில் லூபினின் குறையாகச் சொல்லப்படுவதில் ஒரு பங்கு வசந்தகால விதைப்பின் குறை. முந்தைய இலையுதிர்காலத்திலேயே விதைத்து ஆழ வேரூன்றி நிற்கும் குளிர்காலக் கோதுமையோடு, வசந்தத்தில் விதைத்து நான்கைந்து மாதத்தில் அறுக்கும் லூபினை நிறுத்திப் பார்ப்பது சமமான போட்டி அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் இரண்டும் ஒரே பருவத்தில் விதைக்கப்படுகின்றன. அங்கே செய்யும் ஒப்பீடு அந்த வகையில் நேர்மையானது.

ஐரோப்பாவின் பிரச்சினையே வேறு மாதிரி. ஜெர்மனியில் லூபின் விளைவது பெரும்பாலும் பிராண்டன்பர்க், மெக்லன்பர்க், சாக்சனி-அன்ஹால்ட் பகுதிகளின் லேசான மணல் நிலங்களில். அங்கே இரண்டு ஆபத்துகள் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. மே, ஜூன் மாதங்கள் காய்ந்தால் காய் பிடிக்காது. 2018ன் வறட்சியில் அந்த மணல் நிலங்கள் பட்ட பாடு ஜெர்மன் விவசாயிகளுக்கு நன்றாக நினைவிருக்கும். கோடையில் மழை நீண்டால் கிளைகள் பச்சையாகவே வளர்ந்துகொண்டிருக்கும், முற்றாது, அறுவடை தள்ளிப்போகும். இரண்டாவது ஆபத்துக்காக உருவானவை கிளைவிடாத ரகங்கள். போருட்டா அந்த வகை. நடுத்தண்டும் அதையொட்டிய சில காய்களும் ஒன்றாக முற்றி முடிந்துவிடும். போரெகினே போன்ற கிளைவிடும் ரகங்கள் நல்ல ஆண்டில் கூடுதலாகக் கொடுக்கும், நடுத்தண்டில் காய் உதிர்ந்தாலும் கிளைகளில் ஈடுகட்டும். கிளைவிடாத ரகத்தில் முற்றும் நாள் நிலையானது, விளைச்சல் நிலையானது என்று சொல்ல முடியாது. பூக்கும் ஒரு வாரம் காய்ந்துபோனால் அதற்கு மறுவாய்ப்பு இல்லை. குறுகிய கோடை கொண்ட வடக்கு நாடுகளுக்கு அது பொருந்தும். பிராண்டன்பர்க் மணலுக்கு நான் கிளைவிடும் ரகத்தையே பரிந்துரைப்பேன். வெள்ளை லூபின் பக்கம், ஆந்த்ராக்னோஸைத் தாங்கும் ஃப்ரீடா, செலினா ரகங்கள் 2019ல் ஜெர்மனியில் அனுமதி பெற்ற பிறகு, கைவிட்ட பயிரை மீண்டும் பயிரிடுகிறார்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினால், 10 லட்சம் ஹெக்டேராக இருந்த பரப்பு இப்போது பாதிக்கும் கீழே. களைக்கொல்லிக்குக் கட்டுப்படாத ரைகிராஸ் களை, தீவன விலையைத் தாண்டாத லூபின் விலை, கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரின் எழுச்சி என்று காரணங்கள் பல. வறட்சி ஆண்டுகள் அந்தச் சரிவை வேகப்படுத்தின. 2010 தென்மேற்குப் பகுதியின் பதிவிலேயே மிக வறண்ட ஆண்டு. அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மழை 1970க்குப் பிறகு சுமார் 16% குறைந்திருக்கிறது. மே முதல் ஜூலை வரையிலான இழப்பு இன்னும் அதிகம், ஏறத்தாழ 20%. விதைப்பு மழை தாமதமாவதால் விவசாயிகள் காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறார்கள். லூபின் அதற்கு ஒத்துழைக்கும் பயிர்தான். ஆனால் ஏப்ரலிலேயே மழை வந்துவிட்ட ஆண்டில், கு உள்ள ரகங்கள் அளவுக்கு மீறிச் சீக்கிரம் பூத்து, கடுங்குளிரில் காய் பிடிக்காமல் தவிக்கும்.

2017ல் இந்தக் கு எப்படி வேலை செய்கிறது என்பது தெளிவானது: பூக்கும் காலத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவின் முன்பகுதியில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. குளிர் படும்வரை அந்த மரபணுவை அமுக்கி வைக்கும் பகுதி அது. இரண்டு ஆண்டு கழித்து, அதே இடத்தில் வேறு நீளத் துண்டுகள் விடுபட்ட இன்னும் இரண்டு வடிவங்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் பாலஸ்தீனத்தில் சேகரித்த ஒரு காட்டு லூபினில் இருந்தது சிறிய இழப்பு. அந்தச் செடி கு போல அவசரமாகவும் பூப்பதில்லை, காட்டு வகைகள் போலக் குளிருக்காக நெடுநாள் காத்திருப்பதும் இல்லை. ஐம்பது ஆண்டுகளாக 'சீக்கிரம்' அல்லது 'மிகத் தாமதம்' என்ற இரண்டே தேர்வுகளோடு வேலை செய்த ரக வளர்ப்பாளர்களுக்கு நடுவில் ஒரு படி கிடைத்திருக்கிறது. அந்த வடிவம் கொண்ட ரகங்கள் வயலுக்கு வரும்போது, மழை நீளும் தெற்குப் பகுதிக்கும் ஏப்ரலிலேயே விதைக்கும் ஆண்டுகளுக்கும் அவற்றை முதலில் சோதிக்க வேண்டும். ஜெரால்ட்டன் மணலுக்குச் சீக்கிரம் பூக்கும் ரகமே போதும்.